கோல்ஃப் ஊர்களில் சின்ன ஹோட்டல்கள் ஏன் விடுமுறை வீடுகளாகின்றன?

ஸ்காட்லாந்தின் கடலோர கோல்ஃப் ஊர்களிலிருந்து ஒரே மாதிரியான செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு குடும்பம் நடத்திவந்த பத்து, பன்னிரண்டு அறைகள் கொண்ட ஹோட்டல் விற்பனைக்கு வருகிறது. வாங்குகிறவருக்கு ஹோட்டல் நடத்தும் எண்ணம் இல்லை. கட்டடத்தை நாலைந்து ஃபிளாட்டுகளாகப் பிரிக்கவோ, அப்படியே ஒரு பெரிய விடுமுறை வீடாக மாற்றவோ உள்ளூர் கவுன்சிலிடம் அனுமதி கேட்கிறார். ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள்.

செய்தியைப் படிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். கோல்ஃப் ஆட வருகிறவர்கள் குறையவில்லையே? செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானமான ஓல்டு கோர்ஸில் ஒரு தடவை ஆட 2025 கோடைப் பருவத்தில் கட்டணம் 340 பவுண்டு. அவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தாலும் குலுக்கலில் பெயர் வந்தால்தான் பலருக்கு இடம். 2022-ல் அங்கே நடந்த 150-வது ‘ஓபன்’ கோல்ஃப் போட்டிக்கு 2,90,000 பேர் வந்தார்கள். இவ்வளவு கூட்டம் வரும் ஊரில் தங்கும் ஹோட்டல் ஏன் மூடப்பட வேண்டும்?

உரிமையாளரின் பேராசை, கவுன்சிலின் அலட்சியம் என்று இரண்டு பதில்கள் சட்டென்று சொல்லப்படுகின்றன. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அதே கட்டடம் ஹோட்டலாக இருந்தால் ஒரு விலை, வீடாக மாறினால் இன்னொரு விலை என்ற இடைவெளிதான் எல்லாவற்றையும் நகர்த்துகிறது. அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றது விளங்கிவிடும்.

இந்த ஊர்களின் அமைப்பு

கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே இருக்கும் மணற்பாங்கான புல்வெளியை ஸ்காட்லாந்தில் லிங்க்ஸ் என்பார்கள். உழவுக்கு உதவாத நிலம். ஆடு மேயும், முயல் வளை தோண்டும். கோல்ஃப் அங்கேதான் வளர்ந்தது. செயிண்ட் ஆண்ட்ரூஸ், நார்த் பெர்விக், கல்லன், கார்னூஸ்டி, ட்ரூன், வடக்கே டார்நாக் என்று இன்றைக்குப் பெயர்பெற்ற ஊர்கள் எல்லாமே கடலோரச் சிற்றூர்கள்தான்.

அவற்றை விடுமுறை ஊர்களாக மாற்றியது ரயில். நார்த் பெர்விக்குக்கு 1850-ல், செயிண்ட் ஆண்ட்ரூஸுக்கு 1852-ல், டார்நாக்குக்கு 1902-ல் ரயில் வந்தது. எடின்பரோவிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் வசதியான குடும்பங்கள் கோடை முழுவதும் வந்து தங்கின. அவர்களுக்காகப் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. அப்புறம் கல் வீடுகள் வரிசையாக நிற்கும் தெருக்களில் வீட்டுக்காரர்களே மாடி அறைகளை வாடகைக்கு விட்டார்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸில் மர்ரே பார்க் அப்படிப்பட்ட தெரு. ஓல்டு கோர்ஸிலிருந்து சில நிமிட நடை. ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் விருந்தினர் இல்லப் பலகைகள்.

இந்தச் சின்ன ஹோட்டல்களில் பெரும்பாலானவை ஹோட்டலுக்கென்று கட்டப்பட்டவை அல்ல. வீடாகப் பிறந்து, அறைகளாகப் பிரிக்கப்பட்டவை. அதனால் திரும்ப வீடாக்குவது சுலபம். சுவர்களை இடித்துப் பெரிய வேலை செய்யத் தேவையில்லை. சில இடங்களில் குளியலறைத் தடுப்புகளை எடுத்தாலே பழைய வரவேற்பறை திரும்பி வந்துவிடும். நகரத்து நூறு அறை ஹோட்டலுக்கு இந்த வழி அவ்வளவு எளிதல்ல.

பெரிய கட்டடங்களுக்கு நடந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓல்டு கோர்ஸின் பதினெட்டாவது குழிக்குப் பின்னால், தொலைக்காட்சியில் ஓபன் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செந்நிறக் கட்டடம் நிற்கிறது. 1895-ல் அது கிராண்ட் ஹோட்டல். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை எடுத்துக்கொண்டது. 1949-ல் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் வாங்கி ஹாமில்டன் ஹால் என்ற மாணவர் விடுதியாக்கியது. உலகத்தின் மிக விலைமதிப்பான கோல்ஃப் காட்சியைப் பார்த்துக்கொண்டு மாணவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே துணி உலர்த்தினார்கள், தேர்வுக்குப் படித்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் அதை விற்றது. ஓல்டு கோர்ஸ் ஹோட்டலை வைத்திருக்கும் அமெரிக்க கோலர் நிறுவனம் 2009-ல் வாங்கி, 2013-ல் ஹாமில்டன் கிராண்ட் என்ற பெயரில் சொகுசு ஃபிளாட்டுகளாகத் திறந்தது. ஹோட்டல், மாணவர் விடுதி, தனியார் ஃபிளாட் என்று அந்த ஊரின் இட நெருக்கடி முழுவதும் இந்த ஒரே கட்டடத்தின் வரலாற்றில் இருக்கிறது.

விடுமுறை வீடு என்றால் எது?

செய்திகளில் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் வருகின்றன. குழப்பத்தில் பாதி இதனால்தான்.

1. இரண்டாம் வீடு. உரிமையாளர் லண்டனிலோ அமெரிக்காவிலோ இருப்பார். வருடத்தில் சில வாரங்கள் வந்து தங்குவார், மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும். வாடகைக்கு விடமாட்டார்.

2. குறுகிய கால வாடகை வீடு. இது வியாபாரம். சில இரவுகளுக்கு, ஒரு வாரத்துக்கு என்று இணையம் வழியாக விடப்படும். வருடத்தில் பல மாதங்கள் ஆள் இருக்கும், ஆனால் யாரும் குடியிருப்பவர் இல்லை.

உரிமையாளர் கொஞ்ச நாள் தங்கி, மற்ற நாட்களில் வாடகைக்கு விடும் கலவையும் உண்டு.

இந்த இரண்டுக்கும் வரி வேறு, உரிமம் வேறு, ஊருக்கு ஏற்படும் விளைவும் வேறு. இரண்டாவது வகையில் வருகிறவர்கள் கடையில் செலவழிப்பார்கள். முதல் வகையில் அதுவும் பெரிதாக இல்லை. ஆனால் கட்டட அனுமதிச் சட்டத்தின் கண்ணுக்கு முதல் வகையும், ஒரு குடும்பம் வருடம் முழுவதும் வாழும் வீடும் ஒன்றுதான்! இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பத்து அறை ஹோட்டலின் கணக்கு

புரிவதற்காக ஒரு கற்பனை ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். பத்து அறைகள். வருடச் சராசரியாக ஒரு இரவுக்கு 140 பவுண்டு. கோடையில் நிரம்பி வழியும், பனிக்காலத்தில் காலியாகக் கிடக்கும். சராசரியாக 55 சதவீதம் நிரம்புகிறது என்று வைப்போம். வருட வரவு சுமார் 2,81,000 பவுண்டு.

முதலில் வாட் வரி. பிரிட்டனில் வருட விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் வாட் பதிவு கட்டாயம் (2024 ஏப்ரல் வரை இந்த வரம்பு 85,000). ஹோட்டல் அறைக்கு 20 சதவீதம். வாடிக்கையாளர் தரும் தொகையில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 46,800 பவுண்டு, அரசுக்குப் போகிறது. வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வாட் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஹோட்டலின் பெரிய செலவு சம்பளம். சம்பளத்தில் திரும்பப் பெற எதுவும் இல்லை.

பாதி முன்பதிவு இணையதளங்கள் வழியாக வந்து, அவர்களுக்கு 15 சதவீதம் தரகு என்றால் இன்னொரு 21,000 போகும். ஐந்து முழுநேர ஊழியர்கள் என்று வைப்போம். 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. வாரம் 40 மணி நேரத்துக்கு ஒருவருக்கு வருடம் 25,400, ஐவருக்கு 1,27,000. அதற்கு இரண்டே வருடத்துக்கு முன் இதே ஊதியம் 10.42 ஆக இருந்தது. அறை துடைப்பவருக்கும் சமைப்பவருக்கும் அந்த உயர்வு நியாயமானது. ஆனால் அறைக் கட்டணத்தை அதே வேகத்தில் உயர்த்த பத்து அறை ஹோட்டலால் முடியவில்லை. 2025 ஏப்ரலில் ஊழியர் சம்பளத்தின்மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் தேசியக் காப்பீட்டுத் தொகையும் 13.8-லிருந்து 15 சதவீதமானது. அது கட்டத் தொடங்கும் சம்பள வரம்பு 9,100-லிருந்து 5,000 பவுண்டாக இறங்கியது. சின்ன முதலாளிகளுக்கு இதில் ஒரு கழிவு உண்டு என்பதால் அடி முழுவதும் இவர்கள் மேல் விழவில்லை.

மிச்சம் சுமார் 86,000. இதற்குள் காலையுணவுச் சாமான், சலவை, நூறு வருடக் கல் கட்டடத்தைச் சூடாக வைக்கும் எரிவாயுச் செலவு, காப்பீடு, கூரைப் பழுது, தீத்தடுப்பு ஏற்பாடு, வங்கி வட்டி எல்லாம் அடங்க வேண்டும். கடைசியில் எது மிஞ்சுகிறதோ, அதிகாலை ஐந்தரைக்கு எழுந்து, ஏழு மணிக்கு முதல் ஆட்டத்துக்குப் போகிறவர்களுக்கு முட்டை பொரிக்கும் தம்பதியின் சம்பளம் அதுதான்.

இப்போது அதே கட்டடம் ஐந்தாறு படுக்கையறைகள் கொண்ட ஒரே வீடு என்று வைத்துப் பாருங்கள். கோல்ஃபில் நாலு பேர் சேர்ந்து ஆடுவது வழக்கம். இரண்டு கூட்டம் சேர்ந்தால் எட்டுப் பேர். ஒரு இரவுக்கு 1,000 பவுண்டு என்றால் தலைக்கு 125. ஹோட்டலில் தனி அறை எடுப்பதைவிட மலிவு. கூடவே பெரிய சமையலறை, மட்டைகளை வைக்க உலர்ந்த இடம், இரவு எல்லோரும் ஒன்றாக உட்கார ஒரு கூடம். விருந்தினருக்கு இது உண்மையிலேயே பிடித்த ஏற்பாடு. உரிமையாளருக்கு வரவேற்பு மேசை வேண்டாம், சமையல்காரர் வேண்டாம்; கூட்டம் காலிசெய்யும் நாளில் துப்புரவு செய்ய ஆள் வந்தால் போதும். பனிக்காலத்தில் பூட்டி வைத்தாலும் பெரிய நஷ்டமில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை ஓல்டு கோர்ஸின் புல் சேதமாகாமலிருக்க ஆட்டக்காரர்கள் சின்னப் பாயை விரித்து அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். அந்த மாதங்களில் வெளிநாட்டுக் கூட்டம் வராது. ஹோட்டலுக்கு மட்டும் அந்த ஐந்து மாதமும் சம்பளமும் வெப்பமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கணக்கு பெரிய ஹோட்டலுக்குப் பொருந்தாது. செயிண்ட் ஆண்ட்ரூஸில் ருசாக்ஸ், நார்த் பெர்விக்கிலும் ட்ரூனிலும் மரீன் ஹோட்டல்கள், டார்நாக் ஸ்டேஷன் ஹோட்டல் ஆகியவை ஒரே அமெரிக்க முதலீட்டுக் குழுமத்தின் மரீன் அண்ட் லான் பெயரில் கொண்டுவரப்பட்டு, ஹோட்டலாகவே புதுப்பிக்கப்பட்டன. பணம் கோல்ஃப் ஊர்களை விட்டு ஓடவில்லை. அது மேலே பெரிய சொகுசு ஹோட்டலுக்கும் கீழே ஆளில்லாத வாடகை வீட்டுக்கும் போகிறது. நடுவில் இருக்கும் நடுத்தர விலை ஹோட்டல்தான் நசுங்குகிறது.

வரி விதிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன

அரசு யாருக்கும் சலுகை தர நினைத்து இதைச் செய்யவில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்தோடு போட்ட விதிகள் ஒன்றுசேர்ந்து ஒரு சரிவை உண்டாக்கியிருக்கின்றன.

1. வாங்கும்போது. நம்மூர் முத்திரைத்தாள் கட்டணத்துக்கு இணையான வரி ஸ்காட்லாந்தில் உண்டு. ஹோட்டல் வணிகச் சொத்து. 10 லட்சம் பவுண்டு ஹோட்டலுக்கு வரி 38,500 பவுண்டு. அதே விலைக்கு ஒரு வீட்டை வாங்கினால் 78,350. அது இரண்டாம் வீடாக இருந்தால் மேல்வரி வேறு. அந்த மேல்வரி 2016-ல் 3 சதவீதமாகத் தொடங்கி, 2024 டிசம்பரில் 8 சதவீதமானது. அப்போது மொத்தம் 1,58,350. ஆக, விடுமுறை வீடு வேண்டும் என்பவருக்கு, வீடாக இருக்கும் வீட்டைவிட இன்னும் ஹோட்டலாக இருக்கும் வீடு நுழைவிலேயே மலிவு. பிரித்து ஃபிளாட்டாக விற்கும்போது அந்த ஃபிளாட்டை இரண்டாம் வீடாக வாங்குகிறவர் மேல்வரியைக் கட்டியாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் முழுக் கட்டடத்தையும் தானே வைத்துக்கொள்பவருக்கு அது வராது.

2. நடத்தும்போது. வாடகை வீட்டு உரிமையாளரின் வருட வரவு 90,000-ஐத் தாண்டாதவரை வாட் இல்லை. பத்து அறை ஹோட்டலைப் பிரித்து நாலு ஃபிளாட்டுகளை நாலு தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்றால், அதே கட்டடம், அதே விருந்தினர்கள், ஆனால் வாட் கட்டுபவர் யாரும் இல்லாமல் போகலாம்.

3. உள்ளூர் வரி. ஹோட்டலுக்கு வணிகக் கட்டட வரி. அதன் மதிப்பை வரவை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள், நன்றாக நடந்தால் வரியும் ஏறும். இரண்டாம் வீட்டுக்குக் கவுன்சில் வரி, அதாவது குடியிருப்புகளுக்கான உள்ளூர் வரி. 2024 ஏப்ரலிலிருந்து அதை இரட்டிப்பாக வசூலிக்க ஸ்காட்லாந்துக் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வருடத்தில் 140 நாள் வாடகைக்குத் திறந்திருந்து, 70 நாள் உண்மையிலேயே வாடகைக்குப் போயிருந்தால், அந்த வீடு வணிகப் பட்டியலுக்கு மாறிவிடும். அங்கே வரிக்காக நிர்ணயிக்கப்படும் அதன் மதிப்பு 12,000 பவுண்டுக்குள் இருந்தால், சிறுதொழில் சலுகையில் முழு விலக்கும் கிடைக்கலாம். ஒரே ஆள் பல ஃபிளாட்டுகளை வைத்திருந்தால் மதிப்பைக் கூட்டிப் பார்ப்பார்கள். தனித்தனி ஆட்கள் என்றால் தனித்தனி விலக்கு. உள்ளூர்ச் சிறுகடைகளைக் காப்பாற்ற வந்த சலுகை இங்கே வேறு இடத்தில் போய்ச் சேருகிறது.

எதிர்த்திசையில் ஒரு மாற்றமும் நடந்திருக்கிறது. சாமான் வசதியோடு விடப்படும் விடுமுறை வீடுகளுக்கு பிரிட்டன் வருமானவரியில் நெடுங்காலம் இருந்த தனிச்சலுகை 2025 ஏப்ரலில் எடுக்கப்பட்டது. சரிவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, தீரவில்லை.

அனுமதி: உண்மையான சண்டை நடக்கும் இடம்

ஸ்காட்லாந்துக் கட்டடத் திட்டமிடல் சட்டம் கட்டடங்களைப் பயன்பாட்டின்படி வகுப்புகளாகப் பிரிக்கிறது. 1997-ம் ஆண்டு ஆணைப்படி ஹோட்டல் ஏழாம் வகுப்பு, வீடு ஒன்பதாம் வகுப்பு. ஃபிளாட் எந்த வகுப்பிலும் சேராமல் தனியாக நிற்கிறது. ஹோட்டலை வீடாகவோ ஃபிளாட்டாகவோ மாற்றக் கவுன்சில் அனுமதி வேண்டும். கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்தால் அதற்கும் தனி ஒப்புதல்.

மிகச் சிறிய விருந்தினர் இல்லங்கள் இந்த வலையில் சிக்குவதே இல்லை. நாலு படுக்கையறைக்குக் குறைந்த வீட்டில் ஒரு அறையை, நாலோ அதற்கு மேலோ உள்ளதில் இரண்டு அறைகள் வரை விருந்தினருக்கு விட்டால் அது சட்டப்படி வீடுதான். அவர்கள் பலகையைக் கழற்றினால் போதும், யாரிடமும் கேட்க வேண்டாம். ஊரில் எத்தனை இடம் குறைந்தது என்பது அனுமதி விண்ணப்பங்களை மட்டும் எண்ணினால் தெரியாமல் போவது இதனால்தான்.

பெரியவற்றுக்கு ஒரு கடிவாளம் உண்டு. 2023 பிப்ரவரி 13 அன்று ஏற்கப்பட்ட ஸ்காட்லாந்தின் நான்காவது தேசியத் திட்டமிடல் சட்டகம், முப்பதாவது கொள்கையில் தெளிவாகச் சொல்கிறது: சுற்றுலாவுக்கான இடத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டுமானால், இப்போதைய தொழில் இனிமேல் கட்டுப்படியாகாது என்பதையும், அந்த வட்டாரத்தில் வேறு சுற்றுலா வசதிக்கும் அது தேவைப்படவில்லை என்பதையும் விண்ணப்பிப்பவர் நிரூபிக்க வேண்டும். அதே ஆவணத்தில் காலிக் கட்டடங்களை மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதை ஆதரிக்கும் கொள்கையும் இருக்கிறது. விண்ணப்பதாரர் பின்னதைக் காட்டுவார், ஊர் முன்னதைக் காட்டும்.

கட்டுப்படியாகாது என்று எப்படி நிரூபிப்பது? கணக்குப் புத்தகம் ஒன்று. இத்தனை மாதம் விற்பனைக்கு வைத்தோம், ஹோட்டல் நடத்த ஒருவரும் வாங்க வரவில்லை என்ற சான்று இன்னொன்று. ஓட்டை இந்த இரண்டாவது சான்றில் இருக்கிறது.

நம் கற்பனை ஹோட்டல், ஹோட்டலாக நடத்துகிறவருக்கு 8 லட்சம் பவுண்டு பெறும் என்று வைப்போம். ஃபிளாட்டாக மாற்ற அனுமதி கிடைத்தால் 12 லட்சம். அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் கிடைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பு விலையில் ஏறிவிடுகிறது. உரிமையாளர் 10 லட்சம் கேட்கிறார். அந்த விலைக்கு வாங்கி வங்கி வட்டியும் கட்டி ஹோட்டல் நடத்தினால் கணக்கு தேறாது. எனவே ஹோட்டல்காரர் யாரும் வரமாட்டார். ஒரு வருடம் கழித்து, ‘வாங்க ஆளில்லை, ஆகவே ஹோட்டல் கட்டுப்படியாகாது’ என்று அதே விளம்பரம் சான்றாகக் கவுன்சில் முன்னால் வைக்கப்படுகிறது. நிரூபிக்க வேண்டியதை விலையே நிரூபித்துக் கொடுத்துவிடுகிறது.

இதற்காக விற்கிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருடம் உழைத்தவருக்கு அந்தக் கட்டடம்தான் ஓய்வூதியம். சந்தை தரும் விலையை விட்டுக்கொடு என்று அவரை மட்டும் கேட்பது நியாயமில்லை. ஆனால் கவுன்சில் அந்தச் சான்றை அப்படியே ஏற்கக் கூடாது. கேட்ட விலை ஹோட்டலுக்கான விலையா, வீட்டுக்கான விலையா என்று சுயேச்சையான மதிப்பீட்டாளரை வைத்துப் பார்க்க வேண்டும். இது இல்லாமல் முப்பதாவது கொள்கை காகிதத்தில்தான் இருக்கும்.

அனுமதி கிடைத்தபின் இன்னொரு சிக்கல். ஒன்பதாம் வகுப்பு என்றால் வீடு. அதில் ஆசிரியர் குடும்பம் வருடம் முழுவதும் வாழ்ந்தாலும், ஒருவர் ஜூலையில் மட்டும் வந்து போனாலும் வகுப்பு ஒன்றே. ‘ஊருக்கு நாலு புதிய வீடுகள்’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் அது பொய்யல்ல. அந்த நாலில் ஒன்றிலாவது ஆள் குடியிருப்பார் என்ற உறுதி மட்டும் இல்லை. நிரந்தரக் குடியிருப்புக்கு மட்டுமே என்று அனுமதியிலேயே நிபந்தனை போடலாம், அல்லது சட்டத்தின் 75-வது பிரிவின்கீழ் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் செயிண்ட் ஐவ்ஸ் மக்கள் 2016-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கு இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள்.

குறுகிய கால வாடகைக்கு விடுவதென்றால் உரிமமும் வேண்டும். 2022-ல் வந்த ஆணைப்படி ஸ்காட்லாந்து முழுவதும் இது கட்டாயம். ஏற்கெனவே நடத்தி வந்தவர்கள் 2023 அக்டோபர் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எத்தனை பேர் தங்கலாம், புகை எச்சரிக்கைக் கருவி, எரிவாயுப் பாதுகாப்புச் சான்று போன்ற நிபந்தனைகள் வரும். இது பாதுகாப்புக்கான ஏற்பாடு. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வேலை கட்டுப்பாட்டுப் பகுதி என்ற தனி ஏற்பாட்டுடையது. எடின்பரோ 2022 செப்டம்பரிலும், ஹைலேண்ட் கவுன்சிலின் பேடனாக்–ஸ்ட்ராத்ஸ்பே வட்டாரம் 2024 மார்ச்சிலும் அப்படி அறிவிக்கப்பட்டன. அதே கவுன்சிலுக்குள் இருக்கும் டார்நாக் அந்த எல்லைக்குள் வரவில்லை.

ஹோட்டல் என்ற அனுமதியோடு நடக்கும் ஹோட்டலுக்கு இந்த வாடகை உரிமம் தேவையில்லை. அதனால் ஏழாம் வகுப்பை விடாமல் வைத்துக்கொண்டு, ‘முழுக் கட்டடமும் உங்கள் கூட்டத்துக்கு மட்டும்’ என்று வாடகைக்கு விடும் வழியும் திறந்திருக்கிறது. பெயருக்கு ஹோட்டல், நடப்பில் வீடு. பயன்பாடு உண்மையில் மாறிவிட்டதா என்பதைக் கவுன்சில் ஒவ்வொரு இடத்திலும் தனியாகப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும்.

ஊர் எதை இழக்கிறது

படுக்கைகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாமலேகூட இருக்கலாம். எட்டுப் பேர் தங்கிய இடத்தில் எட்டுப் பேர் தங்குவார்கள். இழப்பு வேறு இடத்தில்.

ஒரே இரவு தங்குகிறவருக்கு இடமில்லாமல் போகிறது. பட்டமளிப்பு விழாவுக்கு வரும் பெற்றோர், இறுதிச் சடங்குக்கு வரும் உறவினர், தனியாக வரும் கோல்ஃபர், கடற்கரைப் பாதையில் நடந்து வருகிறவர் இவர்களுக்கு ஐந்து படுக்கையறை வீடு எதற்கு? ஓல்டு கோர்ஸில் ஆட இடம் ஒதுக்கும் குலுக்கல், ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்புதான் நடக்கிறது. அதை நம்பி வந்து, பெயர் வந்தால் ஒரு நாள் கூடத் தங்கலாம் என்று நினைக்கும் சாதாரண ஆட்டக்காரருக்குச் சின்ன ஹோட்டல்தான் வசதி.

அடுத்தது, உள்ளூர்க்காரர்களுக்கும் திறந்திருந்த அறைகள். இந்த ஹோட்டல்களின் கீழ்த்தளத்து மதுக்கூடமும் உணவறையும் விருந்தினருக்கு மட்டுமானவை அல்ல. ஞாயிறு மதியச் சாப்பாடு, அறுபதாம் பிறந்தநாள், கிளப்பின் வருடக் கூட்டம் எல்லாம் அங்கேதான். கோடை வருமானம் அந்த அறையைப் பனிக்காலத்திலும் திறந்து வைத்திருந்தது. சுற்றுலாப் பயணிகள் கொடுத்த பணத்தில் ஊருக்குக் கிடைத்த வசதி இது. விடுமுறை வீட்டில் இதற்கு இடமே கிடையாது.

வேலை பற்றிச் சொல்லும்போது கவனம் வேண்டும். துப்புரவு வேலை மறைவதில்லை. ஆனால் வருடம் முழுவதும் இருந்த வேலை வாரத்தில் இரண்டு நாள் சில மணி நேர வேலையாகிறது. சமையல்காரர், மதுக்கூட ஊழியர், வரவேற்பாளர் வேலைகள் உண்மையிலேயே போய்விடுகின்றன. பள்ளி முடித்த பிள்ளைகள் முதல் சம்பளம் வாங்கிய இடம் பெரும்பாலும் இதுதான்.

வீட்டுப் பிரச்சினையோடு இது எங்கே சேருகிறது? செயிண்ட் ஆண்ட்ரூஸ் சின்ன ஊர்; அதற்குள் சுமார் பத்தாயிரம் மாணவர்கள். ஓர் அறை காலியானாலும் மாணவர், ஊழியர், கோல்ஃபர் மூவரும் அதற்குப் போட்டி. அந்த நிலையில் ஒரு ஹோட்டல் நிரந்தரக் குடியிருப்புகளாக மாறினால் அதை நான் முழுமனதோடு வரவேற்பேன். பலகை கழற்றப்பட்டதே இழப்பு என்று பழைய நினைவுக்காக அழத் தேவையில்லை. ஹோட்டலும் போய், குடியிருப்பும் வராமல் போவதுதான் இரட்டை நஷ்டம்.

விண்ணப்பம் வரும்போது கேட்க வேண்டியவை

2027 ஜூலையில் ஓபன் மறுபடி செயிண்ட் ஆண்ட்ரூஸுக்கு வருகிறது. போட்டி வாரத்தின் வாடகையை மனதில் வைத்து வாங்குகிறவர்கள் முன்கூட்டியே நகர்வார்கள். அப்படி ஒரு விண்ணப்பம் பற்றிய செய்தியைப் படிக்கும்போது பார்க்க வேண்டியவை:

1. ஹோட்டல் என்ன விலைக்கு, எவ்வளவு காலம், எந்த மாதிரி விளம்பரத்தோடு விற்பனைக்கு வைக்கப்பட்டது? ‘மாற்றத்துக்கு ஏற்றது’ என்று விளம்பரத்திலேயே இருந்ததா?

2. கேட்கும் அனுமதி வீட்டுக்கா, குறுகிய கால வாடகைக்கா? நிரந்தரக் குடியிருப்பு நிபந்தனையை விண்ணப்பதாரர் ஏற்கிறாரா? ஏற்க மறுத்தால் அதுவே ஒரு பதில்.

3. கீழ்த்தளத்து உணவறையையோ மதுக்கூடத்தையோ மட்டும் தனியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தார்களா?

ஆட்சேபம் எழுதும் ஊர்க்காரர்கள் அடிக்கடி தோற்பது எதை எழுதுவது என்று தெரியாததால். வாங்குகிறவர் வெளியூர்க்காரர், பணக்காரர் என்பதெல்லாம் திட்டமிடல் சட்டத்தில் எடைபெறாது. முப்பதாவது கொள்கையைக் குறிப்பிட்டு, கட்டுப்படியாகாது என்ற சான்று ஏன் போதாது என்று எழுதினால் அதிகாரி தன் அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். அண்டை வீட்டாருக்கு அறிவிப்பு வந்ததிலிருந்து ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் அவகாசம். அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேல்முறையீடோ மறுஆய்வோ கேட்கலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் எதிர்த்தவர்களுக்கு ஸ்காட்லாந்துச் சட்டத்தில் மேல்முறையீடு கிடையாது, செலவு பிடிக்கும் நீதிமன்ற வழி மட்டுமே மிஞ்சும். ஆகவே கணக்குப் புத்தகத்தையும் விற்பனை விளம்பரத்தையும் பற்றிய கேள்விகள் அந்த 21 நாளுக்குள் எழுத்தில் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.